வலித்த இடமும் வலித்த விதமும்: வாசகர் கேள்விகளுக்கு ஆயர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஏறத்தாழ ஒரே பொருளைச் சுற்றி வருகின்றன. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களையும் சபைகளின் அடையாளத்தையும் நீக்கிவிட்டு அவற்றை இங்கே சேர்த்துத் தந்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கு நீண்ட பதில் தேவைப்பட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் சபையில் ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். சென்ற ஆண்டு அறுப்பின் பண்டிகைக் காணிக்கையிலிருந்து 38,000 ரூபாயை, தறிக் குடோனுக்கு மின் கட்டணம் கட்ட வழியில்லாத நிலையில், யாரிடமும் சொல்லாமல் எடுத்துவிட்டேன். நெசவுக் கூலி வந்ததும் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் சபை மூப்பர் ஒருவர் கணக்கில் அதைக் கண்டு, இரவில் தனியாக வீட்டுக்கு வந்து, "இது திருட்டுத்தானே, தம்பி?" என்று கேட்டார். அடுத்த வாரமே முழுப் பணத்தையும் கட்டினேன். ஆனாலும் கமிட்டி என்னை ஓராண்டுக்குப் பொறுப்பிலிருந்து விலக்கியது. கமிட்டியில் பேசியதை யாரோ சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு என் மகள் அழுதாள். நான்கு மாதங்களாக ஆராதனைக்குப் போகவில்லை. அந்த மூப்பர் மூன்று முறை வந்து கூப்பிட்டும் நான் வெளியே வரவில்லை. தேவன் சிட்சித்துக் குணமாக்குகிறார் என்று எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எனக்குக் காயம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. குணம் எங்கே?
(பல்லடம் பகுதியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அன்புச் சகோதரரே, உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். தொகையை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். குற்றத்தை இன்னும் பொத்தி வைத்துக்கொள்ள விரும்புகிறவர் "ஒரு சிறு தொகை" என்றுதான் எழுதியிருப்பார். ஆகையால் நீங்கள் நினைப்பதைவிடக் குணமாகுதலுக்கு அருகில் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு, சற்றுக் கடினமாகவே பேசப்போகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரே காயமாகத் தெரிவது உண்மையில் இரண்டு. ஒன்று, மூப்பர் சொன்ன சொல்லால் வந்த வலி. மற்றொன்று, அந்தச் சொல் வாட்ஸ்அப் குழுவில் ஊரறியப் போனதால் வந்த வலி. முதலாவது உண்மையினால் வந்தது. இரண்டாவது பிறருடைய தவறினால் வந்தது. இரண்டையும் ஒரே துணியால் சேர்த்துக் கட்டியிருப்பதால்தான் எதுவும் ஆறவில்லை என்பது என் கணிப்பு. மனிதர்களாகிய நமக்கு இது வசதியான ஏற்பாடுதான். நமக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நாம் செய்த அநியாயத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

முதல் வலியை முதலில் எடுத்துக்கொள்வோம். "திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். ஆனால் பல்லடம், சோமனூர் பக்கத்தில் கூலிக்கு நெசவு செய்கிறவர்களின் நிலை உங்களுக்குத் தெரியாததா? கூலி உரிய நாளில் வருவதும் வராமற்போவதும் உங்கள் கையில் இல்லை. ஒருமுறை எடுத்து யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டிருந்தால், அடுத்த மின் கட்டணத்தின்போது கை தானாக அந்தப் பெட்டிக்குப் போயிருக்கும். அந்த இரவில் மூப்பர் உங்கள் வாசலுக்கு வந்திராவிட்டால், இரண்டு ஆண்டுகள் கழித்துத் தணிக்கைக்காரர் வந்திருப்பார்; அவர் "தம்பி" என்று அழைத்திருக்க மாட்டார்.

அந்த மூப்பர் பேசிய சொற்களைக் கவனியுங்கள். "திருட்டு" என்ற சொல்லும் "தம்பி" என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்வது எளிது. "பரவாயில்லை தம்பி, விடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், எரேமியா 6:14 குற்றஞ்சாட்டுகிற ஆட்களில் அவரும் ஒருவராகியிருப்பார்: "என் ஜனத்தின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள்." உள்ளே சீழ் இருக்கையில் மேலே மருந்து பூசி மூடுகிறவரை நோயாளிக்குப் பிடிக்கும், சில நாட்களுக்கு மட்டும். தாவீது ராஜாவினிடத்தில் அவருடைய பாவத்தை உணர்த்த நாத்தான் தீர்க்கதரிசி போனதும் இந்த மூப்பர் வந்ததைப் போன்றதுதான். சபையைக் கூட்டாமல் ராஜாவின் முகத்துக்கு முன்பாக நின்று, ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய ஒரு கதையைச் சொல்லி, ராஜாவின் வாயாலேயே தீர்ப்பை வரவழைத்து, பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" என்றார் (2 சாமுவேல் 12). அந்தச் சந்திப்பின் நினைவாகத் தலைப்பிடப்பட்டிருக்கிற 51ஆம் சங்கீதத்தில் "நீர் நொறுக்கின எலும்புகள் களிகூரும்" என்ற வரி வருகிறது. கோணலாகக் கூடிய எலும்பை மறுபடியும் உடைத்துத்தான் நேராக வைத்துக் கட்டுவார்கள். உடைபடும்போது யாரும் களிகூர்வதில்லை. தாவீதும் அந்த நேரத்தில் பாடவில்லை.

"சிட்சை" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இது "சிக்ஷா" என்னும் வடசொல்லிலிருந்து நமக்கு வந்தது. மூலத்தில் அதற்குக் கற்பித்தல், பயிற்றுதல் என்று பொருள். வாளையாற்றைத் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போனால் அதே சொல்லுக்குத் தண்டனை என்று பொருள். வடக்கே இந்தியில் அதற்குக் கல்வி என்று பொருள். நம் காதுகளுக்கு அது பெரும்பாலும் பாலக்காட்டுப் பொருளில்தான் விழுகிறது. எபிரேயர் 12ஆம் அதிகாரத்தில் அந்த இடத்தில் இருக்கிற கிரேக்கச் சொல் பிள்ளையை வளர்த்து ஆளாக்குவதைக் குறிக்கும் சொல். அதனால்தான் அந்த நிருபத்தை எழுதியவர் சிட்சையைப் பற்றிப் பேசும்போது நீதிமன்றத்துக்குப் போகாமல் வீட்டுக்குப் போகிறார். நியாயாதிபதியைக் காட்டாமல் தகப்பனைக் காட்டுகிறார்.

அந்த அதிகாரத்தின் 11ஆம் வசனம் நமக்கு மனப்பாடம்: "எந்தச் சிட்சையும் தற்காலத்தில் சந்தோஷமாய்க் காணாமல் துக்கமாய்க் காணும், ஆகிலும் பிற்காலத்தில் அதில் பழகினவர்களுக்கு அது நீதியாகிய சமாதான பலனைத் தரும்." நாம் வேகமாகத் தாண்டிவிடுகிற சொல் "பழகினவர்களுக்கு" என்பது. மூலத்தில் அது உடற்பயிற்சிக் கூடத்தில் நாள்தோறும் உடலைப் பழக்குவதற்கு வழங்கிய சொல். வலி வந்த எல்லாருக்கும் பலன் உண்டு என்று அந்த வசனம் சொல்லவில்லை. வலித்துவிட்டு எழுந்து போய்விட்டவருக்கு வலி மட்டும்தான் கிடைக்கும். அதில் நின்று பழகினவருக்குத்தான் சமாதானம். நீங்கள் நான்கு மாதங்களாகக் கூடத்துக்கே வராமல் வீட்டில் இருந்துகொண்டு, உடம்பு இன்னும் தேறவில்லையே என்று கேட்கிறீர்கள். இரண்டு வசனங்கள் தள்ளி "முடமாயிருக்கிறது பிசகிப்போகாமல் சொஸ்தமாகும்படிக்கு" பாதங்களுக்கு வழிகளைச் செவ்வைப்படுத்துங்கள் என்று எழுதியிருக்கிறது. குணமாகுதல் நடந்து செல்கிற வழியில் வருகிறது. படுக்கையில் காத்திருந்து வருவதாக அங்கே சொல்லப்படவில்லை.

இனி இரண்டாவது வலி. கமிட்டியில் பேசியதை வெளியே விட்டவர் பாவம் செய்திருக்கிறார். இதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. "நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்று மத்தேயு 18:15 தொடங்குகிறது; கேளாவிட்டால் இரண்டொருவரோடு, அதற்கும் கேளாவிட்டால்தான் சபைக்கு. நீங்கள் முதற்படியிலேயே செவிகொடுத்துப் பணத்தையும் கட்டிவிட்டீர்கள். அதற்கு மேல் அந்தச் செய்தி கமிட்டியின் குறிப்பேட்டைத் தாண்டியிருக்கவே கூடாது. இதை உங்கள் ஆயருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அந்தப் பதிவைப் போட்டவர் உங்களிடமும் உங்கள் மகளிடமும் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது தாழ்மைக்கு விரோதமானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் கடிதத்தில் 38,000 ரூபாயைப் பற்றிய நியாயம் எதையும் சேர்க்காமல் எழுதுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். இரண்டு கணக்குகளும் தனித்தனி ஏட்டில் இருக்கட்டும். பொருளாளராக இருந்தவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஓராண்டு விலக்கம் மிகையானது என்று உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுப்பணத்தில் கைவைத்தவரிடம் உடனே பணப்பெட்டியின் சாவியைத் திருப்பிக் கொடுப்பது அவரை மறுபடியும் சோதனைக்குள் தள்ளுவதாகும். பழைய திருச்சபை இதைவிட மிகவும் கண்டிப்பாக இருந்தது. 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம், கட்டாயமின்றி விசுவாசத்தை மறுதலித்தவர்கள் திருவிருந்துக்குத் திரும்புவதற்குப் பன்னிரண்டு ஆண்டுக் காலத்தைப் படிப்படியாக வகுத்தது. படிக்கையில் நமக்கு மூச்சுத் திணறுகிறது. ஆனால் அதே சங்கம், கண்ணீரோடும் நற்செயல்களோடும் மனந்திரும்புகிறவர்களுக்குக் காலத்தைக் குறைக்கும் உரிமையை ஆயருக்குத் தந்தது; மரணப் படுக்கையில் இருக்கிறவருக்குத் திருவிருந்தை மறுக்கக் கூடாது என்றும் விதித்தது. எவ்வளவு நீளமான வழியானாலும் அதன் முடிவில் ஒரு கதவு திறந்திருந்தது. உங்கள் கமிட்டி ஓராண்டு என்று நாள் குறித்தது அதே காரணத்தால்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாள் குறிக்காத விலக்கம்தான் கொடுமை.

உங்கள் கமிட்டிக்காரர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொரிந்து சபையில் கண்டிக்கப்பட்ட ஒருவரைக் குறித்துப் பவுல் எழுதினார்: "அப்படிப்பட்டவனுக்கு அநேகரால் உண்டான இந்தத் தண்டனையே போதும்." அவர் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்ய வேண்டும் என்றும் சேர்த்தார் (2 கொரிந்தியர் 2:6, 7). "போதும்" என்று சொல்லத் தெரியாத சபைக்குக் கண்டிக்கும் உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. நான்கு மாதமாக ஒருவரின் இருக்கை காலியாக இருக்கிறது. ஒரு மூப்பரைத் தவிர வேறு யாராவது அந்த வீட்டு வாசலை மிதித்தீர்களா?

அந்த மூப்பருக்கே வருகிறேன், ஏனெனில் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி அதுதான்; எனக்கோ அதுதான் கடிதத்தின் நடு வரியாகப் பட்டது. அவர் மூன்று முறை வந்திருக்கிறார். கண்டித்துவிட்டுப் போய்விட்டவராக இருந்திருந்தால் உங்கள் கேள்வி நியாயமானதாக இருந்திருக்கும். காயப்படுத்தினவரே காயங்கட்டுவதற்கும் வந்து வாசலில் நிற்கிறார்; நீங்கள் கதவைத் திறக்கவில்லை.

இங்கே எனக்குப் பேதுருவின் நினைவு வருகிறது. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பண்டையில் குளிர்காய்ந்துகொண்டு அவர் ஆண்டவரை மறுதலித்தார் (யோவான் 18:18). உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் சீஷர்களுக்காகக் காத்திருந்தபோதும் அங்கே கரிநெருப்பு போட்டிருந்தது (யோவான் 21:9). கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. அந்தப் புகையின் வாசனையே பேதுருவுக்குப் போதுமான கண்டனமாக இருந்திருக்கும். ஆனால் இயேசு கேள்வியைக் கையில் எடுப்பதற்கு முன்பு மீனும் அப்பமும் பரிமாறி, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். சாப்பிட்ட பின்புதான் "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" என்று கேட்டார், மூன்றாந்தரம் கேட்டபோது பேதுரு துக்கப்பட்டார். அந்தத் துக்கத்தை இயேசு தவிர்த்திருக்கலாம், தவிர்க்கவில்லை. மூன்று மறுதலிப்புகளும் இருந்த அதே இடத்தைத் தொட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு வேலையை ஒப்படைத்தார். பேதுரு அந்தக் கரையில் இருந்ததால் இது நடந்தது. படகிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மீன் ஆறிப்போயிருக்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மேடையிலிருந்து பேசுகிறவனாகி விடுவேன். ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் காங்கயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்தேன். ஒரு குடும்பம் ஞாயிறுதோறும் ஆராதனைக்குத் தாமதமாகவே வரும். ஒரு நாள் பிரசங்கத்தின் நடுவே, பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படியாக, "ஆண்டவருக்கு மிச்ச நேரத்தைக் கொடுக்கிறவர்கள்" என்று இடித்துப் பேசினேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, வயதான அம்மா ஒருவர் கைகுலுக்குகிற பாவனையில் என் கையைப் பிடித்து, விடாமல், தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஏனுங்க ஐயரே, அந்தப் புள்ள நாலு மணிக்கே எந்திரிச்சுப் பாலு கறந்து, சொசைட்டிக்கு ஊத்திப்போட்டு, மாமியாளுக்கும் சோறாக்கி வெச்சுப்போட்டு வருதுங்க. நீங்க ஒரு நாளாச்சும் அவிய ஊட்டுப் பக்கம் போயிருக்கீங்களா?"

போயிருக்கவில்லை. இரண்டு நாட்கள் எனக்குத் தூக்கம் வரவில்லை. படிப்பறிவில்லாத ஒரு மூதாட்டி ஆயரை எப்படிக் கேட்கலாம் என்று முதல் நாள் இரவு கோபம். அவர் கேட்டது உண்மை என்பதால்தான் கோபம் வந்தது என்று இரண்டாம் நாள் இரவு தெரிந்தது. சனிக்கிழமை மாலையில் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் ஆராதனைக்குப் பிறகு அந்த மூதாட்டி, ஒன்றுமே நடவாததுபோல, ஒரு கட்டு முருங்கைக்காயைக் கொண்டுவந்து என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். பிரசங்க பீடத்தை யாரையும் அடிக்கும் கோலாக அதன்பின் நான் பயன்படுத்தியதில்லை என்று சொல்ல ஆசைதான், முழு உண்மையாகாது. ஆனால் ஒவ்வொரு முறை வாயெடுக்கும்போதும் அந்தப் பிடி கையில் தெரிகிறது.

ஆகையால் சகோதரரே, முதலில் உங்கள் மகளை உட்காரவைத்து, வாட்ஸ்அப்பில் படித்ததை உங்கள் வாயிலிருந்து கேட்கச் செய்யுங்கள்: எடுத்தது எவ்வளவு, ஏன், எப்போது திருப்பினீர்கள் என்று. பிறகு அவர் நான்காம் முறை வரும்வரை காத்திராமல் நீங்களே அந்த மூப்பரின் வீட்டுக்குப் போங்கள். ஞாயிறு காலையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் போதும். ஓராண்டு முடிகிற நாளில் பொருளாளர் பதவியைக் கேட்க வேண்டாம். கணக்கில் சேராத ஒரு வேலையை, பண்டிகைக்குப் பந்தல் போடுவதோ பாய் விரிப்பதோ, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவருக்குச் சென்ற தை மாதம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஜெபக் குழுவிலிருந்து வந்தவர்கள், "அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது, இது தேவ சிட்சை" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அவர் அன்றிலிருந்து பேசுவதையே குறைத்துவிட்டார். அவர்கள் சொன்னது சரியா?
(ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி)

பதில்: சரியல்ல, அம்மா. மேலே திருத்தப்படுதலைப் பற்றி இவ்வளவு எழுதியதால், அதைத் தவறாகப் பிடித்து வீசுகிறவர்களைப் பற்றியும் எழுத வேண்டியது என் கடமை.

பிறவிக் குருடனைக் கண்டு "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு பதில் சொன்னார் (யோவான் 9:3). சீலோவாமிலே கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப்பேர் எருசலேமின் மற்றக் குடிகளைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்றார் (லூக்கா 13:4, 5). இதற்குப் பின்னும் நோயாளியின் கட்டிலருகே நின்று காரணம் அறிவிக்கிறவர்கள், ஆண்டவர் சொல்ல மறுத்ததைத் தாங்கள் சொல்லத் துணிகிறார்கள்.

உங்களிடம் வந்தவர்களும் ஒருவேளை மேற்கோள் காட்டியிருக்கக்கூடிய வசனம் ஒன்று உண்டு: "அவர் காயப்படுத்திக் காயங்கட்டுகிறார், அவர் அடிக்கிறார், அவருடைய கை ஆற்றுகிறது." யோபு 5:18. அழகான வசனம், நானே பல பிரசங்கங்களில் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அதைச் சொன்னவர் யார் என்று பலர் பார்ப்பதில்லை. அது துன்பத்தில் இருந்த யோபைப் பார்த்து அவருடைய நண்பர்களில் ஒருவரான எலிப்பாஸ் சொன்னது. அந்தப் புத்தகத்தின் முடிவில், நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் எலிப்பாஸின்மேல்தான் கோபங்கொள்ளுகிறார் (யோபு 42:7). அந்த நண்பர்கள் யோபுக்குச் செய்த நன்மை ஒன்றே ஒன்று: ஏழு நாட்கள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். எட்டாம் நாள் வாயைத் திறந்து அதையும் கெடுத்துக்கொண்டார்கள்.

துன்பத்தின் வழியாக மனிதர் கற்பதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது" என்று 119ஆம் சங்கீதம் சொல்லுகிறது. ஆனால் அந்த வாக்கியம் தன்மையில் இருக்கிறது. "நீ உபத்திரவப்பட்டது உனக்கு நல்லது" என்று அதை முன்னிலைக்கு மாற்றிச் சொல்ல வேதத்தில் நமக்கு அனுமதி இல்லை. ஒருநாள் உங்கள் கணவரே அப்படிச் சொன்னால் உடனிருந்து கேளுங்கள். சொல்லாவிட்டாலும் அவர் விசுவாசம் குறைந்தவர் ஆகிவிடமாட்டார்.

இரத்த அழுத்த மாத்திரையையும் கைக்கான பயிற்சியையும் யார் சொன்னாலும் நிறுத்த வேண்டாம். மறுபடியும் அந்தக் குழுவினர் வந்தால், ஜெபம் மட்டும் செய்துவிட்டுப் போகும்படி நீங்கள் வாசலிலேயே சொல்லிவிடலாம். அதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: என் கணவர் சபையில் பெயர் பெற்றவர். வீட்டில் என்னை அடிக்கிறார். கேட்டால், "கர்த்தர் அன்புகூருகிறவனைச் சிட்சிக்கிறார், நானும் அப்படித்தான்" என்கிறார். நான் பொறுத்துப்போக வேண்டுமா?
(கரூரிலிருந்து ஒரு சகோதரி)

பதில்: வேண்டியதில்லை. மனைவியைச் சிட்சிக்கும் அதிகாரத்தை வேதம் எந்தக் கணவனுக்கும் கொடுக்கவில்லை. எபேசியர் 5ஆம் அதிகாரம் கணவனுக்குக் கொடுத்திருப்பது, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூர வேண்டும் என்ற கட்டளை. "தன் சொந்த மாம்சத்தைப் பகைத்தவன் ஒருவனுமில்லையே" என்றும் அங்கே எழுதியிருக்கிறது. தேவனுடைய வசனத்தைத் தன் கைக்கு உறையாக மாட்டிக்கொள்கிறவர் இரண்டு குற்றங்களைச் செய்கிறார்.

இது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவது. பெண்களுக்கான உதவி எண் 181. பகலிலும் இரவிலும் அழைக்கலாம். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். ஆபத்து என்று தோன்றினால் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கோ வேறு பாதுகாப்பான இடத்துக்கோ போய்விடுங்கள். சபையின் பெயர் கெட்டுவிடுமே என்று யாராவது சொன்னால், அந்தப் பெயரைக் காப்பது உங்கள் முதுகின் வேலை இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வாலிபர் குழுவில் என்னோடு கிடார் வாசிக்கும் நண்பன் ஆன்லைன் சூதாட்டத்தில் விழுந்துவிட்டான். கடன் வாங்குகிறான், பொய் சொல்கிறான். கண்டித்தால் நட்பு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. சும்மா இருப்பது அன்பாகுமா? எப்படிச் சொல்வது?
(கோவை பீளமேட்டிலிருந்து ஒரு வாலிபர்)

பதில்: தம்பி, சும்மா இருப்பதை வேதம் அன்பு என்று சொல்லவில்லை. லேவியராகமம் 19:17 அதற்குப் பக்கத்தில் வைப்பது பகையை: சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனை எப்படியும் கடிந்துகொள் என்கிறது. நண்பன் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்று கிடார் வாசிப்பது அவனுக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

எப்படிச் சொல்வது என்பதற்கு 141ஆம் சங்கீதத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு ஓர் அருமையான தொடரைத் தந்திருக்கிறது: "நீதிமான் என்னைத் தயவாய்க்குட்டி, என்னைக் கடிந்துகொள்ளட்டும், அது என் தலைக்கு எண்ணெயைப்போலிருக்கும்." குட்டு வலிக்கத்தான் செய்யும். ஆனால் குட்டுகிற கை எண்ணெய் தேய்க்கிற கையாகவும் இருக்க வேண்டும். நம் வீடுகளில் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்ட பாட்டிகளுக்கு இந்த வசனத்தை விளக்கத் தேவையிருந்திருக்காது.

கலாத்தியர் 6:1 இதையே வேறு விதமாகச் சொல்லுகிறது: குற்றத்தில் அகப்பட்டவனைச் "சாந்தமுள்ள ஆவியோடே" சீர்பொருந்தப்பண்ணுங்கள். அந்தக் கிரேக்கச் சொல்லைத்தான், செபெதேயுவின் குமாரர் படகில் வலைகளைப் பழுதுபார்த்ததைச் சொல்லும்போது மாற்கும் பயன்படுத்துகிறார் (மாற்கு 1:19). கிழிந்த வலையைப் பழுதுபார்க்கிறவர் அதைத் திட்டுவதில்லை. கிழிசல் எங்கே தொடங்கியது என்று விரலால் தடவித் தேடுகிறார். அவசரப்பட்டு இழுத்தால் பக்கத்துக் கண்ணியும் போய்விடும்.

சத்தியமங்கலம் பக்கத்தில் மல்லிகை பயிரிடும் சபையார் ஒருவர் என்னிடம் சொன்னதையும் உனக்குச் சொல்கிறேன். கார்த்திகை மாதத்தில் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கவாத்து செய்வார்கள். வெட்டின அன்று தோட்டத்தைப் பார்த்தால் கொள்ளை போனதுபோல இருக்கும். "வெட்டறது ஒரு நாள் வேலைங்க. அதுக்கப்புறம் எருப் போட்டு, தண்ணி கட்டி, பூச்சி பார்க்கறதுதான் வேலை. வெட்டிப்போட்டு ஊட்டுக்குப் போயிட்டா வெறகுதான் மிஞ்சும்" என்றார்.

ஆகையால் குழுவில் எதையும் எழுதாதே. ஆராதனைக் குழுவின் மற்றவர்களிடமும் ஆலோசனை என்ற பெயரில் சொல்லிவிடாதே. முதலில் உன்னையே பார்த்துக்கொள், ஏனெனில் "நீயும் சோதிக்கப்படாதபடிக்கு" என்று அதே வசனம் எச்சரிக்கிறது; உன் கைப்பேசியிலும் அந்தச் செயலி இருந்தால் முதலில் அதை நீக்கு. பிறகு ஒரு மாலை அவனைத் தனியாக அழைத்துப் போய் ஏதாவது சாப்பிட வாங்கிக் கொடு. உனக்குத் தெரிந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லி, மொத்தக் கடன் எவ்வளவு என்று கேள். முதலில் குறைத்துச் சொல்வான். கோபப்பட்டு எழுந்து போகவும் கூடும். போனால் போகட்டும், துரத்த வேண்டாம். தொகையைச் சொன்னால் அவன் அப்பாவிடம் சொல்வதற்கு நீயும் கூடப் போ; அது முடியாத வீடாக இருந்தால் உங்கள் ஆயரிடம் போங்கள். இந்தப் பழக்கம் பலருக்கு மருத்துவரின் உதவியும் தேவைப்படுகிற அளவுக்குப் போய்விடுகிறது. அதையும் வெட்கமில்லாமல் பேசுங்கள். நீ அவனுக்குக் கடன் மட்டும் கொடுக்காதே.

அவன் எப்படிப் பிரிந்து போனாலும் சரி, மறுநாள் காலையில் அவனை மறக்காமல் அழை.